கால் மூடாத போர்வை

நாத்தனார் அற்புதம் செத்த பிறகும் சலோமிக்குக் கோபம் தீரவில்லை. பாத்திரக்காரனுக்குப் போடக் கட்டி வைத்திருந்த பழைய சேலைகளில் மூன்று காணாமல் போய், வரவேண்டிய எவர்சில்வர் குண்டான் வெறும் டம்ளராகச் சுருங்கியிருந்தது. "வீட்டுக்குள்ளயே கை நீளுது" என்றாள் சலோமி, அற்புதத்தின் காதில் விழும்படி. அன்றோடு பேச்சு நின்றது. எழுபத்தெட்டாம் வருஷத் தவக்காலத்தில் மூண்ட சண்டை, ஆவணிக் காய்ச்சலில் அவள் கண்ணை மூடும்வரை ஆறவில்லை.

அவள் விட்டுப்போனது துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த ஒரு போர்வை. யார் கேட்டாலும், "குளிருக்கு, எனக்குத்தான்" என்பாள். கடைசி வரிசை பாக்கி; அந்த ஓரத்தை ஓட்டுத்தையல் போட்டு வைத்திருந்தாள்.

"அதை எங்கயாவது தூக்கிப் போடேன்" என்றார் சலோமியின் வீட்டுக்காரர் பிலோமின்ராஜ்.

"அரைகுறையா கெடந்தா நல்லாவா இருக்கு? நான் முடிச்சுடுறேன்."

நிஜம் அதுவல்ல. யார் யாருடைய துணியை அவள் சேர்த்திருக்கிறாள் என்று பார்க்காமல் சலோமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிலோமின்ராஜின் சட்டை இருந்தது. மகள் பிரகாசியின் தாவணி இருந்தது. பக்கத்து வீட்டு நூகுவின் கைலிகூட இருந்தது. சலோமியுடையது ஒரு நூல் இல்லை. ஒரே அடுப்படியில் காலமெல்லாம் புழங்கியவளை வெறுத்துக்கொண்டேதான் செத்தாளா? அதுதான் அவளை அரித்தது.

இன்னொன்றும் இடித்தது. அற்புதம் நெடுநெடுவென்று வளர்ந்தவள். சலோமி போர்வையைத் தன்மேல் போட்டுப் பார்த்தாள், இடுப்பைத் தாண்டவில்லை. இதை வைத்துக்கொண்டு எந்தக் குளிரைத் தாங்கப் பார்த்தாள்?

ஓட்டுத்தையலைப் பிரித்தாள். உள்ளே மயில்கழுத்து நிறம். சலோமியின் சேலை. காணாமல் போன மூன்றும் இருந்தன, துவைத்து, மடித்துப் பரப்பி.

திருடிதான். தான் சொன்னது சரி என்று ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. பிறகு கை நின்றுவிட்டது.

பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் போடமாட்டார்கள். பெற்றவளின் தாய் உடுத்திப் பழசான சேலையில்தான் போடுவார்கள். ஆனால் பிறக்கும் முன்னே அதற்கென்று எதுவும் சேர்க்கக்கூடாது, வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. பிரகாசி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த வாரத்தில்தான் சேலைகள் காணாமல் போயின. திருடிப் பட்டத்தை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள் மகராசி.

"அடிப் பாவி, ஒரு தடவை மொறைச்சிட்டாவது போயிருக்கலாமே" என்று சலோமி வாய்விட்டு அழுதாள்.

அற்புதத்தின் துணிதான் போர்வையில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கொடியில் இன்னும் கிடந்த அவளுடைய சேலையைக் கிழித்துக் கடைசி வரிசையைத் தைக்க உட்கார்ந்தாள்.

புரட்டாசி முடிவில் பிரகாசி பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். பட்டினம் பஸ்ஸை விட்டு இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவள் கேட்டாள்: "யாருக்கும்மா தைக்கிறே?"

சலோமி நிமிரவில்லை. "குளிருக்கு, எனக்குத்தான்."

"உனக்கா? இது இடுப்புக்குக்கூட வராதேம்மா."

"எனக்குப் போதும்" என்றாள் சலோமி.