கழற்றக் கூடாத குரோம் பட்டை

வெண்டல் மூன்றாவது முறையும் அதையே சொன்னபோதுதான் மார்லிஸுக்கு உறுத்தியது.

"வண்டில மத்ததையெல்லாம் கழட்டு, தேய், என்ன வேணா பண்ணு. வலது பக்கம் பின்னாடி இருக்கே, அந்த நீளப் பட்டைய மட்டும் தொடாதே. கிளிப் உடைஞ்சா வேற கிடைக்காது."

"கிளிப்பா? பை பையா தபால்ல வருது வெண்டல். போன வாரம்தான் வாங்கினேன்."

"அது மட்டமான சரக்கும்மா" என்றபடி டோனட் பெட்டியை மேசையில் வைத்தார்.

அந்த அறுபத்து நாலாம் வருடத்து ஸ்டேஷன் வேகன் கார் போன வசந்தம் வரை அவருடையதுதான். மூட்டு மாற்று சிகிச்சைக்கு அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மகள் கெண்ட்ரா கராஜைக் காலி செய்கிறேன் என்று மூன்று வீடு தள்ளியிருந்த மார்லிஸுக்கு அதை விற்றுவிட்டாள். மனிதர் திரும்பி வந்து வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார் என்று தெருவே எதிர்பார்த்தது. அவரோ கைத்தடியை ஊன்றிக்கொண்டு நாள் தவறாமல் டோனட்டோடு வந்தார். யாருக்கும் ஒரு ஸ்பேனர்கூட இரவல் தராத மனிதர்! மூட்டை மாற்றியபோது மனசையும் மாற்றிவிட்டார்களோ என்று மார்லிஸ் நினைத்துக்கொண்டாள்.

டுலூத் நகரத்துச் சாலைகளில் பனி அள்ளும் வண்டி ஓட்டியே ஓய்வு பெற்றவள் அவள். அத்தனை குளிர்காலமும் சாலைப் பனி உருக அவள் கொட்டிய உப்புதான் ஊர்க் கார்களின் குரோமைத் தின்றது. இப்போது அதே கையால், சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து, துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பழுப்புச் சேறாக வழியும். துடைத்தால் அடியில் முகம் தெரியும். உப்பு ஆழமாக இறங்கிய இடங்களில் மட்டும் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் நின்றுவிடும்.

"நாளைக்கு அந்தப் பட்டையக் கழட்டப்போறேன்" என்று வேண்டுமென்றே சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

வெண்டல் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். "உன் வண்டி. உன் இஷ்டம்" என்றார். காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

மறுநாள் காலை அவள் கடைக்குப் போய்த் திரும்பியபோது கராஜின் பக்கக் கதவு திறந்திருந்தது. உள்ளே வெண்டல், சிகிச்சை செய்த காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, அந்தப் பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பளபளவென்று ஆக்கியிருந்தார்.

"கழட்டாமலே முடிச்சுட்டேன் பாத்தியா? உனக்கு ஒரு வேலை மிச்சம்."

"யாரக் கேட்டு உள்ள வந்தீங்க?"

"கதவு தொறந்துதான் இருந்துச்சு."

கதவைத் தானே பூட்டிப் போனது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. சாவியை மாடத்தில் வைப்பதை இத்தனை நாளில் அவர் கவனித்திருப்பார். அவரைக் கைகொடுத்துத் தூக்கி, வாசல்வரை கொண்டுவிட்டு, கதவைத் தாழிட்டாள். அடுத்த நிமிடமே பெயின்ட் கீறாதபடி டேப் ஒட்டி, மெல்லிய தகட்டை நுழைத்து நெம்பினாள். ஒவ்வொரு கிளிப்பாக விட்டுக்கொடுத்தது.

பட்டைக்கு அடியில் கை அகலத்துக்கு ஓர் ஒடுக்கு. பட்டி போட்டு அவசரமாக நிரப்பியிருந்தார்கள். பல இடங்களில் அது உதிர்ந்துவிட்டிருந்தது. பட்டையைத் திருப்பினாள். அதன் மடிந்த விளிம்புக்குள் வேறொரு வண்டியின் பெயின்ட் சிக்கியிருந்தது. பச்சையும் இல்லாத, நீலமும் இல்லாத ஒரு நிறம்.

மார்லிஸ் பட்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். அந்த நிறத்தைக் கடைக்காரனிடம் சண்டை போட்டுக் கலக்கச் சொல்லி, தன் பழைய காருக்கு அடித்தவள் அவளேதான்.

பல வருடங்களுக்கு முன், முதல் பனி விழுந்த ஓர் இரவில், வாசலில் நிறுத்தியிருந்த அந்தக் காரை யாரோ இடித்து நொறுக்கிவிட்டு நிற்காமல் போயிருந்தார்கள். அன்று அவள் வீட்டில் விருந்து. கடைசியாகக் கிளம்பியவன் தம்பி ஆர்லன்; நிறையக் குடித்திருந்தான். அவனுடைய டிரக்கின் பம்பரும் நசுங்கித்தான் இருந்தது. "அது மான் மேல மோதினது, நான் இடிக்கல" என்று தலைபாடாக அடித்துக்கொண்டான். அவள் நம்பவில்லை. பேச்சு நின்றது. அம்மாவின் அடக்கத்தில்கூட அவன் தேவாலயத்தின் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனான்.

பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வெண்டல் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவர் அதைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்.

"வண்டி பனியில வழுக்கிடுச்சு மார்லிஸ். காலைல வந்து சொல்லலாம்னுதான் இருந்தேன். வந்தேன். நீ தெருவுல நின்னு உன் தம்பியத் திட்டிட்டிருந்தே."

"நான் திட்டினதக் கேட்டீங்க."

"கேட்டேன்."

"கேட்டுட்டுத் திரும்பிப் போயிட்டீங்க."

அவர் கைத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு காருக்காக அக்கா தம்பி இத்தனை வருஷம் பேசாம இருப்பீங்கன்னு யாரு கண்டா?"

அவரை அறைந்துவிடுவோமோ என்று பயந்து வெளியே வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து ஆர்லனுக்கு போன் செய்தாள். அவன் எடுத்தான், பின்னால் தொலைக்காட்சியில் ஹாக்கி ஆட்டம் கத்திக்கொண்டிருந்தது. நடந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவன் தொலைக்காட்சியை அணைத்தான்.

"அப்ப பெயின்ட் சொன்னா நம்புவே."

"ஆர்லன்..."

"அந்தப் பட்டைய நீ கழட்டாம இருந்திருந்தா?"

"நம்பியிருக்க மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டாள். அவன் போனை வைப்பான் என்று காத்திருந்தாள், வைக்கவில்லை.

"குழி விழுந்திருக்கா?" என்றான் கடைசியில்.

"எதுல?"

"பட்டைலதான்."

"ரெண்டு மூணு இடத்துல."

"அது தேய்ச்சாப் போகாது. மறுபடி முலாம் பூசணும்" என்றான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.