சொம்பின் உயரம்

1.

இந்தக் கதை ஒரு தரையிலிருந்து வந்தது. ஆந்திராவில் இருக்கிற புத்தூரில் எங்கள் சபை கூடும் சர்ச்சின் சிமெண்டுத் தரை. போட்டவன் நான். தரையை மட்டம் பார்ப்பது எனக்குத் தெரியும். வாக்கியத்தை மட்டம் பார்க்க நாற்பது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘இனி யாரையும் ஒதுக்க மாட்டோம் என்று எங்கள் சபை உறுதிமொழி எடுத்த அன்று…’

அடித்துவிட்டேன். உறுதிமொழியில் தொடங்கினால் நாங்கள் ரொம்ப நல்லவர்களாகத் தெரிகிறோம்.

அடுத்தது: ‘சிசோமோ கருப்பாக…’

இதையும் அடித்தேன். நானும் கருப்புதான். என்னைப் பற்றி எழுதும்போது அப்படித் தொடங்கவில்லையே.

2.

சிசோமோ மலாவி நாட்டுப் பையன். இன்ஜினியரிங் படிக்க வந்தவன். பஸ்ஸில் அவன் பக்கத்து சீட் திருப்பதி வரைக்கும் காலியாகவே போகும். தெருவில் அவனைக் கூப்பிட்ட பெயரை இங்கே எழுத மாட்டேன். ஒரு நாள் டீக்கடை வாசலில் அடித்தேவிட்டார்கள்.

அந்த ஞாயிறு எங்கள் மூப்பர் சிட்டிபாபு சபை நடுவில் நின்று அழுதார்.

“எங்க நைனாவுக்குக் கெணத்தாண்ட எப்டி தண்ணி ஊத்துவாங்க தெரியுமா? சொம்ப ஒசரத் தூக்கிப் புடிச்சிக்கினு, மேலேர்ந்து. சொம்பு கைல பட்டா தீட்டாம். எங்க நைனா குனிஞ்சி ரெண்டு கையும் ஏந்திக்கினு நிப்பாரு. நம்ம சபைல எந்த மன்சனும் அப்டி நிக்கக் கூடாது.”

சர்ச்சைப் பெருக்கும் ரத்தினம்மாவின் மகள் அதைச் சிசோமோவுக்கு இங்கிலீஷில் சொன்னாள். அவன் எழுந்துபோய்ச் சிட்டிபாபுவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

உறுதிமொழியை எழுதியதும் சிட்டிபாபுதான். ‘நிறத்தாலோ பிறப்பாலோ யாரையும் விலக்க மாட்டோம். விலக்குகிறவர்களை எதிர்ப்போம்.’ வாரா வாரம் நின்று சொல்வோம், தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை. வெறும் வாயால் சொல்லவில்லை. பையனோடு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நாள் முழுக்க நின்றவரும் அவர்தான்.

(அவரைக் கெட்டவராக எழுதிவிட்டால் இந்தக் கதை சுலபமாக முடிந்துவிடும். எழுதிப் பார்த்தேன். பேனா ஒத்துக்கொள்ளவில்லை.)

3.

பெரிய வியாழன். இயேசு சீடர்களின் காலைக் கழுவிய நாள். எங்கள் சபையில் பன்னிரண்டு பேர் நாற்காலியில் உட்காருவோம், மூப்பர் முட்டி போட்டுக் கழுவுவார். போன வருஷம் கடைசி நாற்காலியில் சிசோமோ.

என் காலைத் தேய்க்கும்போது சிட்டிபாபு சிரித்தார். “இன்னாடா முனியப்பா, காலா இது? சிமெண்டு மூட்டையாட்டம் கீது.” விரல் இடுக்கெல்லாம் தேய்த்துத் துண்டால் துடைத்தார்.

பிறகு சிசோமோவிடம் நகர்ந்தார். சொம்பு உயர்ந்தது.

எவ்வளவு உயரம் என்று கேட்பீர்கள். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த உயரம். தண்ணீர் மேலிருந்து விழுந்தது. அவருடைய இடது கை முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. துண்டு தோளிலேயே கிடந்தது. அவருக்கே தெரிந்து செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சிசோமோ அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சொம்பைப் பார்த்தான். எழுந்தான். நாற்காலியிலிருந்து வாசல் வரைக்கும் ஈரக்கால் தடம். அதற்கப்புறம் அவன் வரவில்லை. ஊரை விட்டே போய்விட்டான் என்றார்கள்.

4.

தடம் காயவில்லை.

சித்திரையில் எங்கள் ஊரில் துவைத்த துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால் காய்ந்திருக்கும். இது காயவில்லை. அடியில் ஊற்று இருக்குமோ என்று ஓரத்தில் கொத்திப் பார்த்தேன். உள்ளே மாவு மாதிரி உலர்ந்த மண்.

“தொடச்சா போவுதுண்ணா,” என்றாள் ரத்தினம்மா. “தொடப்பத்த வெச்சிட்டுத் திரும்பறேன், வந்துக்கினு கீது.”

யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மிதிக்கவும் இல்லை. ஞாயிறுதோறும் அதற்கு வழிவிட்டு, இரண்டு பக்கமும் பிரிந்து நின்று உறுதிமொழி சொன்னோம்.

5.

இந்த வருஷம் பெரிய வியாழனுக்கு முன்னால் சிட்டிபாபு என்னைக் கூப்பிட்டார்.

“டைல்ஸ் ஒட்டிடு முனியப்பா.”

“எங்கேர்ந்து எது வரைக்கும்ணா?”

“எல்லாத்தயும் மூடு.” அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஈரத்து மேல புடிக்காதுண்ணா.”

பெருக்கிக்கொண்டிருந்த ரத்தினம்மா துடைப்பத்தைத் தட்டினாள். “தரைய இந்த அண்ணன் மூடிடுவாரு. உங்க கைய எங்க மூடுவீங்க மூப்பரே?”

அவர் வலது கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார்.

6.

முடிவுகள்.

‘டைல்ஸ் ஒட்டி முடித்தேன். தரை பளபளவென்று…’ அடித்துவிட்டேன். எழுதிய வரிக்கு மேலேயே தாள் நனைந்தது.*

‘சிசோமோ சிரித்துக்கொண்டே திரும்பி வந்து, பரவாயில்லை என்று…’ இல்லை. அவனுடைய மன்னிப்பை எழுத எனக்கு யார் உரிமை கொடுத்தது?

‘சிட்டிபாபு குனிந்தார். சொம்பை எடுத்தார். சொம்பு உய…’ இதைத் திரும்பத் திரும்ப எழுதினேன். ‘தாழ்ந்தது’ என்று எழுதத்தான் உட்காருகிறேன். கை ‘உய’ என்றே போகிறது. என் கைதான்.

* வியர்வை என்கிறாள் என் மனைவி. இருக்கலாம்.

7.

இது மட்டும் அடிக்காமல் விட்டது.

டைல்ஸ் பெட்டிகளை இறக்கிக்கொண்டு உள்ளே போனேன். ஒரு வருஷமாக விரல்கள் வாசலைப் பார்த்திருந்த தடம், அன்று உள்ளே பார்த்திருந்தது. வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும். நாற்காலிக்கு முன்னால் இரண்டு பாதமும் என்னைப் பார்த்துத் திரும்பி, பக்கத்தில் பக்கத்தில், உட்கார்ந்தவர் வைத்திருப்பது போல.

சிட்டிபாபு வந்தார். பார்த்தார். நான் சிமெண்டு பூசும் கரணையைக் கீழே வைத்தேன்.

அவர் முட்டி போட்டார். கால் கழுவும் பேசினில் தண்ணீர் இருந்தது. யார் வைத்தார்களோ. பக்கத்தில் சொம்பு. அவருடைய கை முன்னால் போனது.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். என் கையை நான் நம்பவில்லை. இனி நீங்கள் எழுதுங்கள். தொட்டார் என்றோ எழுந்து போனார் என்றோ உங்கள் இஷ்டம்.

ஒன்றே ஒன்று. சொம்பை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.