முதல் மண் யார் வெட்டுவது?

...தூர்க்கவேண்டுமாம், இருபதடி வெட்டிய கிணற்றை, அதைச் சொல்ல வாய் கூசவேண்டாமா? அஸ்தம்பட்டியில் தர்மப் பண்டு ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்த முத்தாயம்மாளுக்குக் காதெல்லாம் சுட்டது. தலைவர் காப்பி குடித்துவிட்டுக் கூப்பிடுவார், அதற்குள் நல்ல பதிலாக யோசித்து வை என்று சொல்லிப் போயிருக்கிறார் குமாஸ்தா தீர்த்தகிரி. நல்ல பதிலாம்... பண்டு உதவுகிற எந்த வேலைக்கும் தலைவர்தான் பூமி பூஜை போட்டு முதல் மண் வெட்டவேண்டும், சத்திரமானாலும் பள்ளிக்கூடமானாலும் அதுதான் வழக்கம், தொடங்கிவிட்ட வேலைக்கு உதவி கிடையாது. நாம் என்னவோ பாதிக் கிணற்றைக் காட்டினால் மெச்சுவார்கள் என்றல்லவா நினைத்தோம்! மில்லை நம்பி ஆத்தூரிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் வந்து குடிசை போட்ட முப்பத்திரண்டு வீடு, ஞாயிறு ஞாயிறாக வெட்டியது, பொன்னாயி பச்சை உடம்போடு மண்கூடை சுமந்தாள், ஏன் சுமந்தாள், வாய்க்கால் தண்ணீர் குடித்துத்தானே போன சித்திரையில் அவள் மூத்த குழந்தை வாந்திபேதியில் போயிற்று... அந்தப் பாறை மட்டும் குறுக்கே வராதிருந்தால், வெடிவைக்கிற செலவு நம்மால் முடிந்திருந்தால், இந்த வாசலை மிதித்திருப்பேனா?

உள்ளே கூப்பிட்டார்கள். "மேலாப்புல ஒரு ஆள் உசரம் தூத்தாப் போதுமுங்க அம்மா, பூசை முடிஞ்சதும் வெட்டிக்கலாம், மண்ணுக்கு வலிக்கவா போகுது?" என்றார் தீர்த்தகிரி. "மண்ணுக்கு வலிக்காதுங்க, எங்க இடுப்புக்கு வலிக்கும்." குமாஸ்தா இருமுகிற மாதிரி சிரிப்பை மறைத்தார். "ஏம்மா, தர்மத்துக்கு ஒரு முறை இல்லையா?" என்று தலைவர் கேட்டார், குரல் என்னவோ சாந்தம்தான், அந்தச் சாந்தம்தான் எரிந்தது. "இருக்கட்டுங்க சாமி. அடியில பாறை கெடக்குது, எறங்கி மொத அடியை உங்க கையால அடிங்க, மாலையை நாங்க போடறோம்." தலைவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ பண்டு வேண்டாமுன்னு எழுதிக்கலாமா?"

"எழுதிக்குங்க."

ஏற்காடு ரோட்டில் வெயில் காய்ந்தது, நடை காற்றாய்ப் பறந்தது, ஜட்காக்காரன் ஒதுங்கு ஒதுங்கு என்று கத்தினான், நீ ஒதுங்கு, இன்றைக்கு நான் யாருக்கும் ஒதுங்குவதாக இல்லை... சொன்னேனே, முகத்துக்கு நேரே சொன்னேனே, முப்பத்திரண்டு வீட்டுக்கும் சேர்த்துச் சொன்னேன்... சேர்த்தா? யாரைக் கேட்டேன்? ஒரு ஆள் உயரம்தானே அக்கா, தண்ணீர் வருமென்றால் நானே கொட்டி நானே அள்ளுவேனே என்று பொன்னாயி சொல்லிவிட்டால்... சொல்வாளா? சொல்லட்டும், நேருக்கு நேர் சொல்லட்டும் என்று நடையை எட்டிப்போட்டாள், ஆனால் மில் புகைபோக்கி தெரிந்த இடத்தில், எந்த வீட்டுக் கதவை முதலில் தட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.