வெறும் வாயசைப்பு

அப்பா ஓட்டிய பஸ் மரத்தில் மோதிய அன்று காலை, அவள் வீட்டுப் பிரார்த்தனையில் வெறுமனே வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது, பரீட்சைக்குப் படித்த அலுப்பு, ஒரு சொல்லும் மனதில் ஒட்டவில்லை.

அப்பாவுக்குக் கால் முறிந்தது. "ஒருத்தர் தப்பு பண்ணா வீடே அனுபவிக்கும்" என்று அவர் தினமும் சொல்வது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். தன் வாயசைப்பால்தான் அது நடந்தது என்று நம்பியவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. பரிகாரமாகத் தினமும் மத்தியானச் சாப்பாட்டைப் பக்கத்துப் பெஞ்சுக்காரியிடம் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். பன்னிரண்டாம் நாள் கணக்கு வகுப்பில் சுருண்டு விழுந்தாள்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அம்மா, ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் பள்ளிக்கு ஓடிவந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் மகளிடமிருந்து எல்லாம் கொட்டிவிட்டது.

அம்மா நடைபாதை ஓரமாக உட்கார்ந்தாள். "பிரேக் பிடிக்கலன்னு உங்கப்பா மூணு வாரமா டிப்போல எழுதிக் குடுத்தாரு. ஒருத்தனும் கண்டுக்கல. நீ வாயசைச்சதுக்கா பஸ்ஸு மோதும்?"

"அப்பாதானே சொல்வாரு?"

அம்மா அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "பிரார்த்தனையில நான் பாதி நாள் கண்ண மூடித் தூங்கிருவேன்டி" என்றாள். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்த அப்பாவிடம் அம்மா நடந்ததை அப்படியே சொன்னாள். அவர் திட்டுவார் என்று அவள் கதவோரம் நின்றாள். அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு நாளா நானும் அதத்தான் யோசிக்கிறேன்" என்றார். "என்ன பாவம் பண்ணோம்னு. சின்ன வயசுல திருடுன பேனா வரைக்கும் போயிட்டேன்."

"யாரு சொன்னா உங்களுக்கு அப்படி?" என்று அவள் கதவோரத்திலிருந்து கேட்டாள்.

"எங்கப்பா. அவருக்கு யாரோ." கண்ணை மூடிக்கொண்டார். "உனக்கு நான் சொல்லியிருக்கக் கூடாது பாப்பா."

அம்மா தட்டில் சாப்பாடு போட்டு அவள் கையில் திணித்தாள். தப்பு தன்னுடையதில்லை என்று அறிவுக்குப் புரிந்தது. வயிற்றுக்குப் புரியவில்லை, முதல் கவளம் தொண்டையிலேயே நின்றது. அப்பா தண்ணீர்ச் செம்பை நீட்டினார். குடித்துவிட்டு, இரண்டாவதை மெல்ல மென்றாள்.