ஏழாம் அறை காலி

ஆப்பிள் குளிர்பதனக் கிடங்கின் ஏழாம் அறையைச் சுற்றி வந்து, "காலி!" என்று குரல் கொடுத்து, விளக்கை அணைத்து, கதவை இழுத்து மூடிவிட்டு அவள் பாதித் தாழ்வாரம் நடந்திருப்பாள். பின்னால் அதே கதவு உள்ளேயிருந்து திறந்தது. வெண்புகை போல் வழிந்த குளிருக்கு நடுவே, பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுகிறவர் தடித்த ஜாக்கெட்டும் கையில் ஒரு உடைந்த பலகையுமாக வெளியே வந்தார்.

"என்னம்மா, ஆப்பிளோட சேத்து என்னையும் அடுத்த சீசனுக்கு எடுத்து வெச்சுட்டீங்களா?"

"விலை ஏறட்டும்னு பாத்திருப்பாங்கண்ணே" என்றான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவன்.

"என்னை யாருய்யா வாங்குவா? வீட்லயே சும்மா குடுத்தாலும் வேணாம்னு சொல்றா."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். கடைசி வரிசையில் உடைந்த பலகையைக் கழற்றச் சொல்லி அந்த ஆளை உள்ளே அனுப்பியதே அவள்தான். அறையைச் சுற்றி வந்து முடித்த கையோடு, விளக்கை அணைப்பதற்குச் சற்று முன்னால்தான் அதைச் சொல்லியிருந்தாள். சொன்னது அவ்வளவும் துடைத்து எடுத்தாற்போல் போயிருந்தது. மறந்துபோனது என்றால்கூட ஏதோ ஒரு மூலையில் அதன் நிழல் கிடக்கும். இதில் நிழலும் இல்லை.

ஏழாம் அறை சாதாரண அறை. உள்பக்கம் கைப்பிடி உண்டு, தள்ளினால் திறந்துகொள்ளும். அடுத்த வாரம் முதல் அவர்கள் மூடப்போகிற பெரிய அறைகளின் கதை வேறு. அறுவடைப் பழத்தை நிரப்பி, கதவிடுக்கெல்லாம் அடைத்து, உள்ளே இருக்கிற பிராணவாயுவையும் குறைத்துவிடுவார்கள். பழம் மாதக்கணக்கில் தூங்கும். மனிதன் உள்ளே மாட்டிக்கொண்டால் அவனும் தூங்குவான், எழுந்திருக்கத்தான் மாட்டான். அதனால் மூடுவதற்கு முன் ஒருவர் அறை முழுக்க நடந்து பார்த்து "காலி" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வந்த பிறகு வேறு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பல வருடங்களாக அந்தச் சொல் அவளுடையது.

கிடங்கில் அவளுக்கு ஹீட்டரம்மா என்று பெயர். மற்றவர்கள் குல்லாயும் கையுறையுமாக உள்ளே போய் நடுங்கிக்கொண்டு வெளியே ஓடி வருகிற இடத்தில், அவள் மேல்சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்பாள். நெஞ்சிலிருந்து கிளம்பும் அனல் கழுத்தில் ஏறி, காதைச் சுட்டு, உச்சந்தலையில் வேர்வையாக உடையும். குளிரறையில் அது ஒரு சௌகரியம். வீட்டில் அப்படி இல்லை. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுவதைத் தாங்க முடியாமல் கணவர் போர்வையைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அவள் நனைந்த தலையணையைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு விடியலைப் பார்ப்பாள். தூங்கி எத்தனை நாளாயிற்று என்று யாராவது கேட்டால், எந்தத் தூக்கத்தைக் கேட்கிறார்கள் என்று அவள் யோசிக்க வேண்டியிருந்தது.

மாதவிலக்கு நின்ற புதிதில் அனல், தூக்கமின்மை, மறதி என்று இதெல்லாம் ஒரு தடவை வந்து, போயும் இருந்தது. போக்கியது ஹார்மோன் பேட்ச். இடுப்புக்குக் கீழே ஒட்டிக்கொள்கிற, கண்ணாடி மாதிரி மெல்லிய ஒரு துண்டு. தன் டாக்டரிடம் அவளை இழுத்துக்கொண்டு போனது அக்கா. அக்கா அப்போது அதை ஒட்டிக்கொண்டு ஊரையே விலைக்கு வாங்கினவள் மாதிரி நடந்துகொண்டிருந்தாள். இரண்டு பேரும் நன்றாகத் தூங்கினார்கள். பிறகு அக்காவின் இடது மார்பில் கட்டி வந்தது. எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், அக்கா பிழைத்துக்கொண்டாள். அக்காவுக்கு பேட்ச் ஆயுசுக்கும் கிடையாது என்றாயிற்று. அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்றைக்கே தன்னுடையதை அவளாகவே உரித்துப் போட்டாள்.

பலகை விஷயம் நடந்த மறுநாள் அவள் அதே டாக்டரிடம் போனாள். எல்லாச் சோதனையும் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"உங்க அக்காவுக்கு இதனாலதான் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. இல்லவே இல்லைன்னும் சொல்ல முடியாது. உங்களுக்கு இப்போ எல்லாம் சரியா இருக்கு. மறுபடி ஆரம்பிக்கலாம். ஆபத்து கொஞ்சம் கூடத்தான் செய்யும். வருஷா வருஷம் பாத்துக்கணும்."

"நீங்களா இருந்தா என்ன செய்வீங்க டாக்டர்?"

"நானா இருந்தா எனக்குப் பிடிச்சதைச் செய்வேன். அது உங்களுக்குப் பிடிக்கணுமே."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மருந்துக்கடையில் வாங்கிய பெட்டி கைப்பையில் மூன்று நான்கு நாள் அவளோடு வேலைக்குப் போய் வந்தது. அக்காவுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் அக்கா முகத்தைப் பார்த்தே வயிற்றில் இருப்பதைச் சொல்லிவிடுகிறவள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது அக்கா ஸ்டூலில் ஏறி நின்று மின்விசிறியின் இறக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு இடது கை தோளுக்கு மேல் ஏறுவதில்லை. வலது கையாலேயே துணியைப் பிடித்து, அதே கையாலேயே இறக்கையையும் தள்ளிக்கொண்டிருந்ததால், துடைக்கப் போகும்போதெல்லாம் அது நகர்ந்து ஓடியது.

"வாடி. சும்மா நிக்காம அதைப் புடி. கழுதை ஓடிக்கிட்டே இருக்கு."

அவள் ஒரு இறக்கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா துடைத்தபடியே, "என்ன வாங்கின?" என்றாள்.

"என்ன வாங்கினேன்?"

"பையை வயித்தோட அணைச்சுக்கிட்டு வர்றியே. தங்கமா?"

அவள் சொன்னாள். அக்காவின் கை நின்றது. பிறகு ஸ்டூலிலிருந்து நிதானமாக இறங்கி, துணியைத் தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழிந்தாள். பிழிந்த துணியை மறுபடியும் பிழிந்தாள்.

"வேணாம்."

"டாக்டர் போடலாம்னு சொல்றாங்கக்கா."

"டாக்டருக்கு என்ன, சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவா. உன்னை அங்க கூட்டிட்டுப் போனது யாரு? நீ நிறுத்திட்டேன்னு சொன்ன அன்னிக்குத்தான் எனக்குச் சோறு இறங்குச்சு. எனக்கு வந்ததுகூடப் பரவாயில்ல, உனக்கு வந்திருந்தா நான் எங்கடி போவேன்?"

இதை அக்கா இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட வாயைத் திறந்து சொன்னதில்லை. அவள் கிடங்கில் நடந்ததைச் சொன்னாள். பலகை, இருட்டு, ஜாக்கெட், அந்த ஆளின் கேலி. அடுத்த வாரம் மூடப்போகிற அறைகள்.

"அப்போ வேலைய விட்டுடு."

"விட்டுட்டு?"

"வீட்ல இரு."

"வீட்ல அடுப்பு இருக்கு. அதை அணைச்சேனான்னு தெரியாம வாசல்ல இருந்து எத்தனை தடவை திரும்பி வர்றேன் தெரியுமா?"

அக்கா ஸ்டூலிலேயே உட்கார்ந்தாள். "அந்த ஆளுக்குக் குழந்தைங்க இருக்கா?"

"மூணு பொண்ணு."

"மூணா? வேற வேலை இல்லையா அவனுக்கு?" என்றாள் அக்கா. சிரிக்காமல்தான் சொன்னாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். "குடு பாக்கலாம்."

பெட்டியைப் பிரித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, உள்ளே மடித்து வைத்திருந்த காகிதத்தை விரித்தாள். அது விரிந்துகொண்டே போய் மடியைத் தாண்டித் தரையில் படுத்தது. "இதைப் படிச்சா ஆரோக்கியமா இருக்கறவளுக்கே வியாதி வந்துடும்" என்று ஒதுக்கினாள். ஒரு உறையைக் கிழித்து பேட்சை வெளியே எடுத்தாள். பழைய பழக்கம் விரல்களில் இருந்தது. நடுவில் லேசாக வளைத்ததும் பின்பக்கத்துத் தாள் விரிந்து கொடுத்தது. ஒரு பாதியை உரித்தாள்.

"டாக்டர் அளவைக் குறைச்சிருக்காளா?"

"ஆமா. ரொம்பக் குறைச்சல்தான்."

"எந்தப் பக்கம் ஒட்டுவ?"

"வலது பக்கம்."

"நான் இடது பக்கம்" என்றாள் அக்கா. மறுபாதியை அவள் உரிக்கவில்லை.

அவள் இடுப்புத் துணியைத் தளர்த்திக்கொண்டு அக்காவின் பக்கமாகத் திரும்பி நின்றாள். நெஞ்சுக்குள் அந்த அனல் கிளம்பியது. கழுத்தில் ஏறி, காதுக்கு வந்தது. அவள் அசையவில்லை. பாதி உரிந்த பேட்சை அக்கா விளிம்பில் பிடித்தபடி ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். வெளிச்சம் அதன் வழியாக வந்து, பின்னால் இருந்த கட்டைவிரலின் ரேகைகளைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டியது. உரித்த பாதியின் விளிம்பு காற்றில் மெல்ல உள்பக்கமாகச் சுருளத் தொடங்கியிருந்தது.