செவ்வாய்க்கிழமை வந்தது யார்?

இம்மானுவேலுக்குப் பரிசு என்று சேதி வந்தது. வேறு யாராவது என்றால் தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்திருப்பார்கள். இவனுக்குச் சட்டைக் காலர் நனைகிற அளவுக்கு வேர்த்தது.

பழங்காநத்தத்தில் ஸ்மார்ட் சிட்டி என்று சொல்லிக் கட்டிய கற்றல் கூடத்துக்கு அவன் செக்யூரிட்டி. கண்ணாடிக் கதவு, ஏசி, இருபது கம்ப்யூட்டர். வாசலில் ‘எந்த வயதிலும் கற்கலாம்’ என்று ஆளுயரப் பலகை. கற்கலாம்தான், ஆனால் அட்டை வேண்டும். அட்டையைக் காட்டினால்தான் கதவும் திறக்கும், பாடமும் திறக்கும். அட்டை வாங்க ஒரு போன் நம்பர் கொடுக்க வேண்டும்; அந்தப் போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் அதே போனுக்குச் சேதி போகும். இத்தனையும் யோசித்த புண்ணியவான்கள், அந்தத் தெருக்களில் வீட்டுப் போன் யார் சட்டைப்பையில் கிடக்கிறது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

அப்பளக் கம்பெனியில் வேலை பார்க்கும் சோலையம்மாள் ரவிக்கை வெட்டக் கற்கலாம் என்று ஆசையாக வந்து சேர்ந்தாள். முதல் வகுப்பு முடிந்த சேதி அவள் புருஷன் போனுக்குப் போனது. மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்து, “பேரை எடுத்துருங்கண்ணே” என்று அட்டையை நீட்டினாள்.

இம்மானுவேலுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தன் கழுத்தில் தொங்கிய ஊழியர் அட்டையைக் கழற்றிக் கொடுத்தான். ஊழியர் அட்டைக்குப் போனும் கிடையாது, சேதியும் கிடையாது.

“மத்தியானம் ரெண்டு மணிக்கு இங்க ஈ காக்கா இருக்காது. இதை வச்சுப் படிம்மா” என்றான்.

ரேஷன் கடைக்குப் போகிறவளிடம் பக்கத்து வீட்டு அட்டையையும் கொடுத்துவிடுகிற தெரு அது. அட்டை கைமாறுவதில் அவனுக்கோ அவளுக்கோ எந்தத் தப்பும் தெரியவில்லை. திங்கட்கிழமை சோலையம்மாள் என்று ஆனது. புதன்கிழமை முனீஸ்வரி, இட்லிக் கடை வைத்திருப்பவள், கட்டட வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன்கள் கேட்பது புரிய வேண்டும் என்று இந்தி படித்தாள். வியாழக்கிழமை அன்னக்கொடி, ஐம்பத்திரண்டு வயதில் அ, ஆ தொடங்கியவள். ஆறு மாதம் இப்படியே ஓடியது.

தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஒரே ஆள் ஆறு மாதத்தில் நூறு வகுப்பு முடித்திருக்கிறார், பெயர் இம்மானுவேல், நகரத்திலேயே சிறந்த மாணவர் இவர்தான் என்று அது பாட்டுக்குப் பெயரைத் துப்பிவிட்டது. மேடை ஏற்றுவதற்கு முன்னால் ஆளை நேரில் பார்த்து வரச் சொல்லி சரண்யாதேவி என்ற அதிகாரியை அனுப்பினார்கள்.

அவள் வந்தது ஒரு புதன்கிழமை, மணி இரண்டுக்கு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் முனீஸ்வரி நோட்டோடு நின்றாள். இம்மானுவேல் கதவுக்குப் பின்னாலிருந்து, வராதே என்று கண்ணைக் காட்டினான்.

சரண்யாதேவி உட்காரக்கூட இல்லை. கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்து இந்தியில் எதையோ கேட்டாள். இம்மானுவேல் முழித்தான்.

“சாப்பிட்டீங்களான்னுதான் கேட்டேன். இந்தி ரெண்டாம் நிலை முடிச்சிருக்கீங்க” என்றாள். “சரி, முப்பத்தாறு இஞ்ச் ரவிக்கைக்கு எம்புட்டுத் துணி வேணும்?”

அவன் தரையைப் பார்த்தான்.

“இந்தி படிக்கிறவரு வியாழக்கிழமை அ, ஆ எதுக்குப் படிக்கிறீங்க? யாருக்குண்ணே அட்டையைக் கொடுத்தீங்க?”

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

“படிக்கத்தான் கொடுத்தேன் மேடம். வேற எதுக்கும் இல்ல.”

“யாருக்கு? பேரும் போன் நம்பரும் சொல்லுங்க, முறையாப் பதிஞ்சு விட்டுர்றேன். ஒங்களுக்கும் நல்லது.”

“பேரு சொன்னா நம்பர் கேப்பீங்க. நம்பர் கொடுத்தா சேதி போகும். ஒரு தடவை போயி ஒருத்தி அடி வாங்கிட்டு வந்தா. சொல்ல மாட்டேன் மேடம்.”

சொன்ன பிறகுதான் வேலை ஞாபகம் வந்தது. மில் மூடி இரண்டு வருஷம் சும்மா இருந்து, அலைந்து பிடித்த வேலை. இது போனால் அடுத்தது எங்கே என்று அவனுக்குத் தெரியாது. அதைவிட, இந்தக் கதவு சோலையம்மாளுக்குச் சாத்திக்கொண்டால் மறுபடி திறக்காது என்பது நன்றாகத் தெரியும்.

சரண்யாதேவி டேப்லெட்டை மேலும் கீழும் தள்ளினாள்.

“மத்த நாள் இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை ஒங்களுக்கு லீவு. பதில் டூட்டி தவசின்னு இருக்கு. அன்னைக்கு எப்படி ஒங்க அட்டை வந்துச்சு?”

“செவ்வாய்க்கிழமையா?”

“இருபத்திமூணு செவ்வாய். ரெண்டு பத்துலேர்ந்து மூணே முக்கால் வரைக்கும். வீட்டு மின்சாதனப் பழுது பார்த்தல்.”

இது அவன் கேள்விப்படாத பாடம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவன் வீட்டில் கறிச்சோறு தின்றுவிட்டுக் குறட்டை விடுகிற நேரம். அட்டை ஆணியில் தொங்கும் சட்டையில் இருக்கும்.

“டூட்டியில இல்லாத அன்னைக்கு அட்டை போயிருக்குன்னா திருட்டுன்னுதான் எழுதணும். போலீசுக்குப் போகும். அந்தத் தவசிகிட்டயும் கேக்கணும்” என்றாள் அவள்.

இம்மானுவேலுக்கு வீட்டு மின்விசிறி ஞாபகம் வந்தது. இரண்டு வருஷமாக முனகிக்கொண்டிருந்த விசிறி, பங்குனியில் திடீரென்று முனகலை நிறுத்தியது. தானாகச் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு மிக்ஸி தானாகச் சரியானது. பக்கத்து வீட்டு அயர்ன்பாக்ஸ் இவன் வீட்டுக்கு வந்து தானாகச் சரியாகிப் போனது. ஒரு வீட்டில் இத்தனை சாமான் தானாகச் சரியாகுமா என்று அந்த மரமண்டைக்கு இதுவரை தோன்றவே இல்லை.

“என் வீட்டுக்காரி மேடம்” என்றான். “தங்கப்பொண்ணு.”

தவசியும் இவன்தான் அனுப்பினான் என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டிருப்பான். அண்ணி வந்தால் யார் கேட்பார்கள்?

சரண்யாதேவி மூச்சு விட்டாள். “குடும்பத்து ஆளா, அப்பச் சரி. அவங்களை இப்பவே பதிஞ்சிரலாம். ஒருத்தரையாவது முறையாப் பதிஞ்சாத்தான் ஒங்க வேலையைக் காப்பாத்தி நான் எழுத முடியும். நம்பர் சொல்லுங்க.”

அவன் தன் நம்பரைச் சொன்னான். வீட்டில் இருப்பது அந்த ஒரு நம்பர்தான். சட்டைப்பையில் போன் துடித்தது. ஆறு இலக்கம்.

“வந்த நம்பரைப் படிங்க. பத்து நிமிசத்துல செத்துப் போயிரும்.”

படித்தால் முடிந்தது. வேலை போகாது, திருட்டு என்ற பேச்சும் இருக்காது. அவன் வாயைத் திறந்தான். சோலையம்மாளின் கன்னம்தான் கண்ணில் நின்றது. அவள் புருஷனை ஆறு மாதமாக மனசுக்குள் திட்டித் தீர்த்தவன் இவன். இவன் பெண்டாட்டி மட்டும் எதற்காக இவனுக்குத் தெரியாமல் ஆணியிலிருந்து அட்டையை எடுத்தாள்?

“அவதான் சொல்லணும் மேடம். இந்தா, ரெண்டே தெரு. வந்துர்றேன்” என்று ஓடினான்.

நாற்பத்தெட்டு வயசுக்கு அது ஓட்டமே இல்லை. ஷேர் ஆட்டோ ஒன்று இடிப்பதுபோல் வந்து திட்டிவிட்டுப் போனது. குடத்தோடு வந்தவர்கள் ஒதுங்கினார்கள். வீட்டு வாசலை மிதித்தபோது ஏழு நிமிஷம் மிச்சம் இருந்தது.

தங்கப்பொண்ணு தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் யார் வீட்டதோ ஒரு டேபிள் ஃபேன் பிரிந்து கிடந்தது. டெஸ்டரைக் கொண்டையில் செருகியிருந்தாள். புருஷன் இந்நேரத்தில் வருவான் என்று எதிர்பார்க்காதவள் ஃபேனை மறைக்கத் துணியை இழுத்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, இழுத்த துணியை அப்படியே விட்டுவிட்டாள்.

“பெரிய ஆபீஸ்லேர்ந்து வந்திருக்காக. செவ்வாய்க்கிழமை தெரிஞ்சு போச்சு” என்று போனை நீட்டினான். “ஒன் பேர்ல பதியுறாக. இந்த நம்பரை நீதான் சொல்லணும்.”

அவள் வாங்கவில்லை.

“ஒங்க போனுக்குத்தான வந்திருக்கு? நீங்களே சொல்ல வேண்டியதுதான?”

“ஒன்கிட்ட கேக்காம எப்படிச் சொல்றது?”

“இன்னைக்குத்தான் கேக்கத் தெரிஞ்சுச்சாக்கும்.” அவள் எழுந்து நின்றாள். “போன வருசம் நானும் படிக்க வரட்டான்னு கேட்டேன். என்ன சொன்னீக?”

அவனுக்கு ஞாபகம் இருந்தது. படித்துக் கலெக்டர் ஆகப் போறியா என்று கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான்.

“தப்புத்தான்” என்றான். “தங்கப்பொண்ணு, என் வேலை போயிரும் போல இருக்கு. நாலு நிமிசந்தான் கிடக்கு.”

“போயிரும்னா எனக்கு மட்டும் பயமில்லையா? அதுக்காக, நான் படிக்கிறதுக்கு இனிமே ஒங்க பையில மணி அடிக்கணுமா? இன்னைக்கு நீங்க சும்மா இருப்பீக. நாளைக்கு ஒரு கோவம் வந்தா?”

அப்படி வராது என்று சத்தியம் செய்ய வாயெடுத்தான். சிரித்தது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டான். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் சேலையை உதறிச் செருப்பை மாட்டினாள். இருவரும் கூடத்துக்கு நடந்தார்கள். பாதி வழியில் அந்த ஆறு இலக்கமும் செத்துப்போனது.

கூடத்தில் சரண்யாதேவி நின்ற இடத்திலேயே நின்றாள்.

“நம்பர்?”

“நம்பர் இல்ல மேடம்” என்றாள் தங்கப்பொண்ணு. “செவ்வாய்க்கிழமை வந்தது நான். ஆளே வந்திருக்கேன்.”

“போன் நம்பர் இல்லாம இது ஏத்துக்காதும்மா. நான் என்ன செய்ய?”

“அதை நான் என்னத்தைக் கண்டேன்.”

திருட்டு என்று இப்போது எழுதிவிடுவாள் என்று இம்மானுவேல் சரண்யாதேவியின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் டேப்லெட்டில் எதையோ தேடிப் பிடித்தாள்.

“போன பாடத்துல கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதலை நீங்க.”

“மணி ஆயிருச்சு. இவரு முழிச்சுருவாருன்னு ஓடிட்டேன்.”

“டெஸ்டர் வச்சும் லைட் எரியலை. அப்ப அந்த வயர்ல கரண்ட் இல்லன்னு சொல்லலாமா?”

“சொல்லக் கூடாது மேடம்.” தங்கப்பொண்ணு கொண்டையிலிருந்த டெஸ்டரை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். “டெஸ்டரே கெட்டுப் போயிருக்கலாம். மொதல்ல கரண்ட் இருக்குன்னு தெரிஞ்ச எடத்துல வச்சுப் பாக்கணும். அங்கயும் எரியலைன்னா கோளாறு டெஸ்டர்லதான். அது பாட்டுக்கு இல்லன்னு காட்டும், நம்பித் தொட்டா ஆளைத் தூக்கிரும்.”

சரண்யாதேவி டேப்லெட்டை மேசையில் கவிழ்த்து வைத்தாள். பையைத் துழாவி ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தாள். ஸ்கேல் இல்லை, கையாலேயே கோணல் மாணலாக நாலு கட்டம் பிரித்தாள். பெயர், தெரு, என்ன படிக்க வேண்டும், எந்த நேரம் தோது. போனுக்குக் கட்டம் போடவில்லை.

“இதை மேல காட்டிச் சண்டை போட்டுப் பாக்குறேன். ஒத்துக்குவாங்கன்னு சொல்ல முடியாது. ஒங்க வேலைக்கும் இப்ப வாக்குக் கொடுக்க முடியாதுண்ணே” என்றாள் இம்மானுவேலைப் பார்த்து. “பதில் வர்ற வரைக்கும் இந்த நோட்டுல பேர் இருந்தா நீங்களே கதவைத் திறந்து விடுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

பேனாவை எடுத்தாள். “தங்கப்பொண்ணு. செவ்வாய்க்கிழமை ரெண்டு மணி, அதானே?”

“இனிமே ஒளிஞ்சு வரப் போறதில்லையே மேடம். எல்லாக் கிழமையும் போடுங்க. செவ்வாய் மட்டும் காலையிலேயே வாரேன். அன்னைக்கு இவரு சோறாக்குவாரு.”

இம்மானுவேலை யாரும் கேட்கவில்லை. அவன் கதவைத் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் நின்றுகொண்டிருந்த முனீஸ்வரியைக் கையசைத்துக் கூப்பிட்டான்.