வில்டே யாரிடம் ஓடினாள்

தோருன் அவசர வீட்டுக்காரி. பெற்றோரிடமிருந்து பிரித்த குழந்தையை ஆறு வாரம் வைத்துக்கொள்ள நார்வே நகராட்சி ஒன்று அவளுக்குச் சம்பளம் கொடுத்தது. வில்டேயைக் கைக்குழந்தையாகக் கொடுத்துவிட்டுப் போன குழந்தை நல அலுவலகத்தார் ஒன்றரை வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது திடீர் ஞானோதயம். வியாழக்கிழமை அவளை வேறொரு நிரந்தர வீட்டுக்கு மாற்றப் போகிறார்களாம். நானே வளர்க்கிறேன் என்று தோருன் மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். அவசர வீடு நிரந்தர வீடாக விதியில் இடமில்லை என்று மூன்று முறையும் பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமை, குழந்தை மூளையைப் பற்றிப் பயிற்சி வகுப்பு. போகாவிட்டால் உரிமம் போய்விடும். குழந்தை நல அலுவலகத் தலைவன் ஹோவார்ட் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றான். அறிவியலைத் தானே பெற்றெடுத்த மாதிரி முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

ஆஸ்லோவிலிருந்து வந்த நிபுணர் ஒரு வீடியோ போட்டார். முகங்களை மங்கலாக்கியிருந்தார்கள். வளர்ப்புத்தாய் அறையைவிட்டுப் போகிறாள், குழந்தை அழுகிறது. அவள் திரும்பியதும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டு அமைதியாகிறது. தோருனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழந்தை போட்டிருந்த நீலக் கம்பளிச் சட்டை அவள் பின்னியது. இரண்டு மாதம் முன்பு, ஏதோ சோதனை என்று இருவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு எடுத்த வீடியோ.

ஒரே ஒரு பெரியவரை நம்பக் கற்றுக்கொண்ட மூளை இது, இந்தப் பிணைப்பை அறுக்கவே கூடாது என்றார் நிபுணர். அலுவலகமே குனிந்து எழுதிக்கொண்டது. எழுதுவதில் மட்டும் ஒரு குறையும் வைக்க மாட்டார்கள்.

இடைவேளையில், வாஃபிள் அப்பத்தில் பழுப்புச் சீஸ் அடுக்கிக்கொண்டிருந்த ஹோவார்டைப் பிடித்தாள். திரையில் இருந்தது வில்டே என்றாள்.

"தெரியும் தோருன். அந்த வீடியோவ வச்சுத்தான் முடிவே எடுத்தோம். இவ்வளவு நல்லா ஒட்டிக்கிற பிள்ள எங்க போனாலும் ஒட்டிக்கும்."

"அன்னிக்கு அவ எங்கிட்ட ஓடி வராம இருந்திருந்தா?"

"பாசம் இல்லன்னு மாத்தியிருப்போம்" என்று சொல்லிவிட்டு அவன் வாஃபிளைக் கடித்தான். என்ன சொன்னோம் என்பது அந்தப் படித்த முட்டாளுக்கே உறைக்கவில்லை.

"மூளையப் பத்தி இவ்வளவு படிக்கிறீங்களே, உங்களுக்கும் ஒண்ணு இருக்குன்னு யாரும் சொல்லலையா?" என்றாள் தோருன். பக்கத்தில் நின்றவர்கள் காபியைப் பார்த்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை கார் வந்தது. வில்டே தொண்டை கிழியக் கத்திக்கொண்டே போனாள்.

அடுத்த வாரம் ஹோவார்ட் போன் செய்தான். ஏதோ பரிசு விழுந்ததைச் சொல்வது போல அவ்வளவு உற்சாகம்.

"ரெண்டு நாள்தான் அழுதா. இப்ப யாரையும் தேடுறதே இல்ல தோருன். யாரு தூக்கினாலும் போறா. நல்லாப் பொருந்திட்டான்னு ஃபைல்ல எழுதிட்டோம்."